பிறக்கப் போகும் பிள்ளையும் பெற்றோர் தொழிலும்

பதர் நீக்காத விதையை விதைக்கும் குடியானவர் நம் நாட்டில் இல்லை. கேழ்வரகாயினும் நெல்லாயினும் விதையைப் புடைத்து, வெயிலில் காய வைத்து, பூச்சி அண்டாமல் கட்டி வைப்பது அவர் வழக்கம். நாற்றங்காலில் உப்பு நீர் பாயாமல் காவல் இருப்பார். நட்ட பின்னும் வேர் பிடிக்கும் வரை வயலை விட்டு அகலமாட்டார். பயிருக்கு இத்துணைக் கவனம் செலுத்தும் நாம், நம் குடியில் பிறக்கப் போகும் பிள்ளையின் விதைக்கும் நாற்றங்காலுக்கும் வயலுக்கும் அதே கவனத்தைச் செலுத்துகிறோமா? ஊராட்சிப் பணியில் ஈடுபட்டுள்ளோர் ஒவ்வொருவரும் இக்கேள்வியைச் சிந்திக்க வேண்டிய காலம் வந்துள்ளது.

எம் வட்டாரத்தில் நடந்த ஒரு கிராம சபைக் கூட்டம் முடிந்தபின், மேலுதடு பிளந்த கைக்குழந்தையுடன் ஓர் இளந்தாய் எம்மிடம் வந்தார். அவர் பசுமைக் குடிலில் ரோஜா பறிக்கும் கூலி வேலை செய்பவர். கணவர் மாந்தோப்புகளுக்கு மருந்து அடிப்பவர். "கிரகணத்தன்று காய் நறுக்கினாள், அதனால்தான் இப்படி" என்றார் மாமியார். "குடிலில் அடிக்கும் மருந்துதான்" என்றார் உடன் வந்த ஒருவர். "ஆலைப் புகை" என்றார் மற்றொருவர். "உறவில் கட்டினீர்கள் அல்லவா" என்று மூன்றாமவர் நினைவூட்டினார். தாயோ ஒன்றும் பேசவில்லை. எல்லார் பார்வையும் அவர் மீதே இருந்தது. அன்று அவருக்கு நாம் கூறிய விடையையே சற்று விரிவாக இங்கு எழுதுகிறோம்.

நம் வட்டாரத்தின் நிலை

தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004-ஆம் ஆண்டு பிரிந்து அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிலும் வேளாண்மையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வளர்கின்றன. ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது முதல், எந்திரத் தொழிலும் வாகனத் தொழிலும் அண்மைக் காலத்தில் மின்னணுத் தொழிலும் பல்லாயிரம் இளைஞருக்கும் இளம்பெண்களுக்கும் வேலை தருகின்றன. தளி, பாகலூர், சூளகிரி, கெலமங்கலம் ஆகிய பகுதிகளில் ரோஜாக் குடில்களும் காய்கறித் தோட்டங்களும் பரந்துள்ளன. இராயக்கோட்டையின் தக்காளியும், பர்கூர், காவேரிப்பட்டணம் பகுதிகளின் மாங்கனியும் நாடறிந்தவை. இவை நமக்குக் கிடைத்த செல்வங்கள். செல்வம் வரும் வாயில்களில் தீங்கும் நுழையாமல் காப்பது நம் கடமை.

கண்ணுக்குத் தெரியாத பொருள் நீரில் கலந்து எலும்பையும் பல்லையும் கெடுக்கும் என்பதை நம் பகுதி மக்கள் புளோரைடு வாயிலாக நன்கறிவர். 2013-இல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அத்தீங்கைத் தணிப்பதையும் நோக்கமாகக் கொண்டதே. பெங்களூர்ப் பக்கமிருந்து கழிவு நீரைச் சுமந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி நிற்பதையும் பலமுறை கண்டிருக்கிறோம். இத்தகைய பொருள்கள் உண்டவரை மட்டும் தாக்குமா, அவர் வயிற்றுப் பிள்ளையையும் தாக்குமா என்பதே இன்றைய பாடம்.

முதற்பாடம்: விதை

பிள்ளைக்குரிய விதை தாயிடமும் தந்தையிடமும் உள்ளது. ஆணின் உடலில் விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 70 நாள்கள் ஆகின்றன. ஆகவே இன்று கருவுறும் பிள்ளைக்குத் தந்தை அளிக்கும் பங்கு, சென்ற இரண்டரை மாதங்களில் அவர் பட்ட வெப்பம், புகை, நஞ்சு அனைத்தையும் கடந்து வந்ததாகும். பெண்ணின் சினைமுட்டைகளோ அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. எனவே ஒரு கர்ப்பிணியைக் காப்பவர், அவள் வயிற்றில் இருப்பது பெண் சிசுவாயின், பேரப்பிள்ளைகளின் விதையையும் சேர்த்துக் காப்பவர் ஆகிறார்.

தந்தையின் தொழில் விதையைக் கெடுக்கும் என்பதற்குத் தெளிவான சான்று 1977-இல் கிடைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மண்ணிலுள்ள நூற்புழுக்களை ஒழிக்கும் டி.பி.சி.பி. என்னும் இரசாயனத்தைத் தயாரித்த ஓர் ஆலையில் தங்களுக்குப் பிள்ளை பிறப்பதில்லை என்பதைத் தொழிலாளர் தாமே பேசிக்கொண்டனர். பரிசோதித்தபோது பலருடைய விந்தணுக்கள் மிகக் குறைந்திருந்தன. சிலரிடம் அறவே இல்லை. அந்த இரசாயனத்திலிருந்து விலகிய பின் பலர் தேறினர், சிலர் தேறவில்லை. இந்நஞ்சு நம் நாட்டிலும் தடை செய்யப்பட்டுள்ளது. இதில் நமக்கு இரு படிப்பினைகள் உண்டு. பிள்ளை இல்லாமைக்குப் பெண்ணை மட்டும் குறை கூறுவது அறியாமை என்பது ஒன்று. தொழிலாளர் தமக்குள் பேசிய பேச்சே அந்தத் தீமையை வெளிப்படுத்தியது என்பது மற்றொன்று.

இரண்டாம் பாடம்: நாற்றங்கால்

பெற்றோரின் தொழிலாலும் சூழலாலும் பிள்ளைக்கு வரும் தீங்குகளில் மிகவும் உறுதியாக நிலைநாட்டப்பட்டவை கர்ப்பத்தில் நேர்பவையே. கருவுற்ற 28 நாள்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழல் மூடிக்கொள்கிறது. மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரத்திற்குள் இதயம், கை கால், கண், உதடு முதலிய உறுப்புகள் உருப்பெறுகின்றன. பெரும்பாலான பெண்கள் தாம் கருவுற்றதை அறிவதற்குள் இவ்வேலையில் ஒரு பகுதி முடிந்துவிடுகிறது. ஆதலின் தெரிந்த பின் காப்போம் என்பது பொருந்தாது. பிள்ளை வேண்டும் என்று எண்ணும் நாளிலிருந்தே காக்க வேண்டும்.

நஞ்சுக்கொடி ஒரு மதிலைப் போல் நின்று நச்சுப் பொருளைத் தடுத்துவிடும் என்று மருத்துவ உலகம் ஒரு காலத்தில் நம்பியிருந்தது. அந்நம்பிக்கையைத் தகர்த்த ஊர்களுள் ஒன்று ஜப்பானிலுள்ள மினமாட்டா. அங்கு ஓர் ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன்களில் சேர்ந்தது. மீனை உண்ட மக்களிடையே பரவிய நரம்பு நோய் 1956-இல் கண்டறியப்பட்டது. பின்னர், நோய் ஏதுமற்றவராகவோ சிறிதளவே நோயுற்றவராகவோ காணப்பட்ட தாய்மாருக்குக் கை கால் வளைந்தும் பேச்சு வராமலும் பிள்ளைகள் பிறந்தன. தாயின் உடலில் சேர்ந்த பாதரசம் கருவைச் சென்றடைந்தது என்பது 1962-இல் உறுதியாயிற்று. தாய் நலமாக இருக்கிறாள் என்பதால் பிள்ளையும் நலமாக இருக்கும் என்று கருதுதல் கூடாது. நம் மாநிலத்திலேயே கொடைக்கானல் வெப்பமானி ஆலை பாதரசக் கழிவு காரணமாக 2001-இல் மூடப்பட்டதும், முன்னாள் தொழிலாளர்களுக்கும் அந்நிறுவனத்திற்கும் 2016-இல் உடன்பாடு ஏற்பட்டதும் நினைவிருக்கலாம்.

ஈயமும் அவ்வாறானதே. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடங்களில் எழும் தூளும் புகையும் உடலில் புகுந்தால், ஈயம் எலும்பில் தங்கிப் பல்லாண்டுகள் இருக்கும். பெண் கருவுற்றதும், பிள்ளைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை உடல் எலும்பிலிருந்து எடுக்கும்போது ஈயமும் உடன் கரைந்து குருதியில் கலந்து கருவைச் சேர்கிறது. சிறுமியாய் இருந்தபோது உடலில் சேர்ந்த ஈயம், அவள் தாயாகும்போது பிள்ளையின் அறிவு வளர்ச்சியைத் தாக்கக்கூடும். ஈயத்தில் தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிபு.

காசர்கோடு தரும் எச்சரிக்கை

குடியானவர்கள் சிறப்பாக அறிய வேண்டியது அண்டை மாநிலமான கேரளத்தில், இன்றைய காசர்கோடு மாவட்டத்தில் நடந்த செய்தியாகும். அங்கு அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரிக் காடுகள் குன்றுகளின் மேல் உள்ளன. குடியிருப்புகள், கிணறுகள், ஓடைகள் யாவும் சரிவுகளிலும் பள்ளங்களிலும் உள்ளன. தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க 1970-களின் பிற்பகுதி தொடங்கி 2000-ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் என்னும் நஞ்சு, ஆண்டிற்கு இரண்டு மூன்று முறை ஹெலிகாப்டர் வாயிலாகத் தெளிக்கப்பட்டது. காற்று அதைத் தோட்ட எல்லைக்குள் நிறுத்தவில்லை. மழை அதைக் குன்றின் மேல் தங்கவிடவில்லை.

முதலில் கவனித்தவர் ஒரு குடியானவர். தம் கன்றுகள் கோணிய கால்களுடன் பிறந்ததை அவர் 1979-ஆம் ஆண்டளவில் கண்டார். பின்னர் பத்ரே என்னும் கிராமத்தில் மருத்துவம் செய்துவந்த மருத்துவர் மோகன் குமார், தம்மிடம் வரும் குடும்பங்களில் நரம்புக் கோளாறும் பிறவிக் குறையும் மிகுந்திருப்பதைக் குறித்து வைத்து எழுதினார். லீலாகுமாரி அம்மா என்னும் வேளாண்மைத் துறை அலுவலர் 1998-இல் நீதிமன்றம் சென்று வான்வழித் தெளிப்புக்குத் தடை பெற்றார். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் 2001-இல் அக்கிராமத்துப் பிள்ளைகளையும் தெளிப்புக்கு உட்படாத வேறொரு கிராமத்துப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தது. பத்ரேப் பிள்ளைகளிடம் கற்றல் குறைபாடும் பிறவிக் குறைகளும் மிகுதியாக இருந்தன; சிறுவர்கள் பருவமடைதல் தாமதப்பட்டிருந்தது; குருதியில் எண்டோசல்பான் எச்சம் இருந்தது. இவ்வாய்வை மறுத்துரைத்த நிபுணர்களும் உண்டு. வாதம் பல்லாண்டு நீடித்தது. எனினும் 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் அந்நஞ்சை உலகெங்கும் ஒழிக்க முடிவு செய்தன. அடுத்த மாதமே நம் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வீதம் வழங்குமாறு கேரள அரசுக்கு 2017 ஜனவரியில் ஆணையிட்டது.

இருபதாண்டுக் காலம் தெளித்த பின்னரே நாடு விழித்துக்கொண்டது. அக்கிராமத்தில் ஆண்டுதோறும் பிறப்புகளையும் பிறவிக் குறைகளையும் ஒருவர் ஒழுங்காகப் பதிவு செய்து, அண்டைக் கிராமத்துடன் ஒப்பிட்டிருந்தால் எத்தனை ஆண்டுகள் முன்னரே தெரிந்திருக்கும்! இதனை ஊராட்சி மன்றத்தார் மனத்தில் நிறுத்துதல் வேண்டும்.

எண்டோசல்பான் போயிற்று, ஆயினும் ஆபத்து அனைத்தும் போய்விடவில்லை. நம் தோட்டங்களில் பெயர் பெற்றிருந்த குளோர்பைரிபாஸ் என்னும் மருந்தைப் பற்றி நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். வீடுகளில் கரப்பான் பூச்சிக்கு அடித்த இம்மருந்து தொப்புள்கொடிக் குருதியில் மிகுதியாகக் காணப்பட்ட பிள்ளைகள், ஏழாம் வயதில் நினைவாற்றலிலும் அறிவுத் திறனிலும் பின்தங்கியிருந்தனர். இப்பொருளையும் சில விலக்குகளுடன் ஒழிப்புப் பட்டியலில் சேர்க்க அதே உடன்படிக்கை நாடுகள் 2025 மே மாதத்தில் முடிவு செய்தன. நாம் இவற்றை 'மருந்து' என்று அழைக்கும் பழக்கமே நம்மை ஏமாற்றுகிறது. பயிருக்கு அது மருந்தாகலாம். அடிப்பவருக்கும் அவர் வயிற்றுப் பிள்ளைக்கும் அது நஞ்சே.

கதிர்வீச்சு: அச்சமும் உண்மையும்

கதிர்வீச்சைப் பற்றி மக்களிடையே பெரும் அச்சம் உண்டு. எக்ஸ் கதிர் பட்ட ஈக்களின் சந்ததியில் பிறவி மாற்றங்கள் தோன்றுவதை முல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1927-இல் காட்டினார். ஆகவே 1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தபின், தப்பிப் பிழைத்தவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் யாவும் குறையுடன் பிறக்கும் என்று உலகம் நடுங்கியது. ஏறத்தாழ 70,000 பிள்ளைகளைப் பரிசோதித்த அறிஞர்கள், குண்டு வீழ்ந்தபின் கருவான பிள்ளைகளிடம் பிறவிக் குறைகள் அளவிடத்தக்க வகையில் கூடவில்லை என்று கண்டனர். 1986 செர்னோபில் விபத்தில் கதிர்வீச்சுக்கு உள்ளான பெற்றோரின் பிள்ளைகள் 130 பேரை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வும், பெற்றோரிடமிருந்து புதிய மரபு மாற்றங்கள் வழக்கத்திற்கு மேல் அவர்களுக்கு வரவில்லை என்றே கூறியது. கேரளத்தின் கொல்லம் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதால் இயற்கையிலேயே கதிர்வீச்சு மிகுதி. அங்கு 1995 முதல் ஒரு இலட்சத்திற்கும் அதிகமான பிறப்புகளைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் கண்காணித்ததில், பிறவிக் குறைகள் அண்டைப் பகுதிகளைவிட மிகுதியாகக் காணப்படவில்லை.

ஆயின் நாற்றங்கால் வேறு. குண்டு வீழ்ந்தபோது தாயின் வயிற்றில் இருந்த சுமார் 1,600 பிள்ளைகளுள் 30 பேர் கடும் மூளை வளர்ச்சிக் குறையுடன் வளர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எட்டாம் வாரம் முதல் பதினைந்தாம் வாரம் வரையிலான கருவாக இருந்து பெருமளவு கதிரேற்றவர். எனவே முன்னொரு நாள் பட்ட கதிரைவிட, கர்ப்பக் காலத்தில் படும் கதிரே பெரிதும் அஞ்சத்தக்கது. அதிலும் அளவறிந்து அஞ்ச வேண்டும். காசநோய்ச் சோதனைக்காக ஒருமுறை எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயால் கருவைச் சேர்வது ஒரு மில்லிகிரேயில் நூறில் ஒரு பங்கிற்கும் குறைவு; கருவுக்குக் குறை நேருமென மருத்துவர் கவலை கொள்ளும் அளவோ ஏறத்தாழ 100 மில்லிகிரே. மார்பு எக்ஸ்ரே எடுத்தபின் கருவுற்றது தெரிந்து, அஞ்சிக் கருவைக் கலைக்க முற்படுவது தேவையற்ற துயரம். எக்ஸ்ரே அறைக்குள் நுழையுமுன் கர்ப்பம் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிடுதல் போதுமானது. வயிற்றுப் பகுதிக்கு எடுக்கும் சி.டி. சோதனையை மருத்துவர் இன்றியமையாதது என்றாலன்றித் தள்ளிப்போடலாம். ஸ்கேன் என்று நாம் கூறும் கர்ப்பக் காலச் சோதனை ஒலி அலையால் ஆவது. அதில் கதிர்வீச்சே இல்லை.

வார்ப்படத்தின் உள் விரிசலைக் காணக் கதிர்வீச்சுக் கருவி கையாளும் தொழிலாளர், மார்பில் அணியத் தந்த அளவு கருவியை ஒருநாளும் கழற்றிவைத்தல் ஆகாது. பெண்ணாயின் கருவுற்றவுடன் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். பழைய இரும்பு வாங்குவோருக்கும் ஒரு சொல்: 2010-இல் தில்லி மாயாபுரியில் பழைய பொருளுடன் வந்த கோபால்ட் கருவியைப் பிரித்ததால் ஒருவர் மாண்டார், பலர் நோயுற்றனர். மஞ்சள் நிறத்தில் மூன்று இதழ் விசிறி போன்ற குறி கண்ட பொருளைத் தொடாமல் விலகி நின்று காவல் நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாம் பாடம்: வயல்

பிறந்த பின்னும் பெற்றோரின் தொழில் பிள்ளையைத் தொடர்கிறது. மருந்து அடித்த சட்டையுடன் தந்தை வீடு திரும்பிக் குழந்தையை வாரி எடுக்கிறார். அச்சட்டையை மனைவி மற்றத் துணிகளுடன் சேர்த்துத் துவைக்கிறார். காலியான மருந்துப் புட்டியில் மண்ணெண்ணெயோ எண்ணெயோ ஊற்றி வைக்கின்றனர். ஈயத் தூள் தலைமுடியிலும் காலணியிலும் ஒட்டி வீட்டுத் தரையில் படிகிறது. தவழும் குழந்தை தரையைத் தடவிய கையை வாயில் வைக்கிறது. அன்பினால் செய்வதே தீங்காகிவிடும் இந்நிலையைத் தவிர்க்கச் செலவு மிகுதியும் வேண்டியதில்லை. ஒரு வாளித் தண்ணீரும் மாற்றுடையும் போதும்.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறுகிறோம். தாய்ப்பாலில் நஞ்சு இருக்குமோ என்று அஞ்சிப் பாலூட்டுவதை நிறுத்துதல் கூடாது. தாய்ப்பாலால் வரும் நன்மை அத்தகைய ஐயத்தைவிடப் பன்மடங்கு பெரிது. நஞ்சிலிருந்து தாயை விலக்க வேண்டுமேயன்றி, தாயிடமிருந்து பிள்ளையை விலக்கக் கூடாது.

ஊராட்சியும் குடியானவரும் செய்யத்தக்கவை

1. மருந்துப் புட்டியிலுள்ள முக்கோண நிறத்தை அனைவரும் அறிதல் வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் கொடிய நஞ்சு, நீலம் நடுத்தரம், பச்சை குறைந்த நஞ்சு. பச்சையும் நஞ்சே என்பதை மறத்தல் ஆகாது. நம் எல்லைப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர் பலர். ஆதலின் கிராம சபையில் இதனை மூன்று மொழியிலும் வாய்விட்டுக் கூறுதல் நலம்.

2. கருவுற்றவரும், பாலூட்டும் தாய்மாரும், சிறுவரும் மருந்து கலக்குதல், தெளித்தல், தெளித்த குடிலுக்குள் உடனே நுழைந்து பூப்பறித்தல் ஆகியவற்றிலிருந்து விலக்கப்பட வேண்டும். பசுமைக் குடில் மூடிய இடம். திறந்த வயலைப் போல் காற்று நஞ்சைக் கொண்டு போவதில்லை. சீட்டில் கண்ட காலம் கழிந்து, குடில் நன்கு காற்றோட்டம் பெற்ற பின்னரே ஆட்களை உள்ளே அனுப்புதல் வேண்டும்.

3. கூலி போய்விடும் என்று அஞ்சியே பல பெண்கள் கர்ப்பத்தை மறைத்து வேலைக்குச் செல்கின்றனர். ஆகவே விலக்குவது மட்டும் போதாது; கூலி குறையாத வேறு வேலை தருவதே உண்மையான பாதுகாப்பு. தோட்ட உரிமையாளர்களை அழைத்து ஊராட்சி இதனைப் பேசி முடித்தல் வேண்டும். ஊரக வேலைத் திட்டப் பணிகளில் இத்தகைய பெண்களுக்கு இலகுவான வேலை ஒதுக்கலாம்.

4. மருந்து அடிப்பவர் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை அணிந்து, காற்றின் திசையறிந்து அடித்தல் வேண்டும். முடிந்ததும் தோட்டத்திலேயே குளித்து உடைமாற்றி வீடு திரும்புதல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்றருகே ஒரு குளியல் தடுப்பு அமைப்பது எளிய செலவு.

5. குடிநீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஈயமோ பூச்சிக்கொல்லியோ புளோரைடோ அகலாது. ஐயமுள்ள கிணறுகளின் நீரை ஆய்வகத்திற்கு அனுப்பி, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும். நுரை பொங்கும் ஆற்று நீரில் சிறுவரை இறங்கவிடுதல் கூடாது.

6. திருமணமானவுடன் தம்பதியரைக் கிராமச் சுகாதாரச் செவிலியர் சந்தித்து, அவர்களுடைய தொழிலைக் கேட்டறிய ஏற்பாடு செய்யலாம். கர்ப்பத்தைப் 12 வாரங்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும்; கருவுறுமுன்னரே போலிக் அமில மாத்திரை தொடங்குவது தண்டுவடக் குறையைப் பெரிதும் தடுக்கும்.

7. ஊரில் நிகழும் பிறப்பு, கருச்சிதைவு, பிறந்தபின் இறப்பு, பிறவிக் குறை ஆகியவற்றை ஆரம்பச் சுகாதார நிலையத்துடன் கூடி ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயர் வேண்டியதில்லை, எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை திடீரென உயருமாயின் மாவட்டச் சுகாதார அலுவலருக்கு எழுத்தில் தெரிவித்தல் ஊராட்சியின் கடமை.

அந்தத் தாய்க்கு நாம் கூறிய விடை

இனி முதலில் கூறிய தாயிடம் திரும்புவோம். ஒரு பிள்ளையின் குறைக்கு இதுதான் காரணம் என்று தனித்துச் சுட்ட எந்த மருத்துவராலும் பெரும்பாலும் இயலாது. உறவில் மணம், சத்துக் குறைவு, கர்ப்பத்தில் வந்த காய்ச்சல், புகை, நஞ்சு எனக் காரணங்கள் பல. அவை கூடியும் நேரலாம். நம் மாநிலத்தில் உறவுத் திருமணம் மிகுதி என்பதையும் மறைத்தற்கில்லை. ஓர் ஊரின் கணக்கை வைத்தே ஊரின் காரணத்தைக் காண முடியும். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறலாம்: கிரகணம் காரணமன்று, அந்தத் தாய் குற்றவாளியும் அல்லள். ஹிரோஷிமாவில் தப்பிப் பிழைத்தவரின் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் பலர் தயங்கினர். நோயைவிட அத்தயக்கமே அவர்களை மிகுதியாக வருத்தியது. நம் கிராமங்களில் அத்தகைய அநீதிக்கு இடம் தருதல் கூடாது.

இவற்றைக் கேட்டிருந்த மாமியார், "அப்படியானால் அடுத்த பிள்ளைக்கு என்ன செய்ய?" என்று வினவினார். பழி தேடிய கேள்வி வழி தேடும் கேள்வியாக மாறியது கண்டு மகிழ்ந்தோம். பிள்ளைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சை அளிக்க 2013 முதல் நடைபெறும் தேசியத் திட்டத்தின் வழியே அக்குழந்தை மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து உதடு கூடியது. கணவர் இப்போது தோட்டத்திலேயே குளித்து உடைமாற்றி வருகிறார் என்று செவிலியர் தெரிவித்தார்.

விதையையும் நாற்றங்காலையும் வயலையும் காக்கத் தெரிந்த குடியானவருக்கு இது புதிய பாடமன்று. தெரிந்த பாடத்தைத் தன் வீட்டிற்குக் கொண்டு வருவதே வேண்டுவது. ஆலைகளும் வளரட்டும், தோட்டங்களும் செழிக்கட்டும். அவற்றின் பயனை நுகரப் பிறக்கும் பிள்ளைகள் குறையின்றிப் பிறக்க, வரும் கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக வைத்து ஆராயுமாறு ஊராட்சிப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.